நிற்கிற கால்

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி அடுக்குமாடிக் கட்டடங்களில் காவலாளிகளுக்கு அவரைத் தெரியும். "லிஃப்ட்காரர் வந்துட்டாருப்பா" என்று குரல் கேட்டதும் கேட் திறந்துவிடும். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று, ஒரு மாடி மெதுவாக ஏற்றச் சொல்லி, காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். எந்த உருளை தேய்ந்திருக்கிறது, எந்தக் கதவு உரசுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷருக்குத் தன் இடது காலில் என்ன கோளாறு என்று இருபது வருஷமாகத் தெரியவில்லை.

வலி கிலி ஒன்றும் கிடையாது. கோளாறு உதையில்தான். கராத்தே வகுப்பில் அவர் பிரவுன் பெல்ட், பிளாக் பெல்ட்டுக்கு ஒரு படி கீழே. பிளாக் பெல்ட் தேர்வில் மூன்று தடவை தோற்றவர். மூன்று தடவையும் தோற்றது ஒரே இடத்தில். குத்து, தடுப்பு, வரிசை அசைவுகள் எல்லாம் குறை சொல்ல முடியாதபடி செய்வார். கடைசியில் இரண்டு பேர் இரண்டு பலகைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பக்கவாட்டில் திரும்பி நின்று, வலது முட்டியை மடக்கித் தூக்கி, குதிகாலால் நேராக உதைத்து உடைக்க வேண்டும். சைட் கிக். அவர் உதைத்தால் பிடித்திருந்தவர்கள் இரண்டடி பின்னால் போவார்கள். பலகை மட்டும் அப்படியே இருக்கும்.

மனைவியை அவர் முதலில் பார்த்ததே அந்த வகுப்பில்தான். அவள் ஒரு துணிக்கடையின் பின்னறையில் ஆல்டரேஷன் வேலை பார்த்தாள். பேன்ட்டின் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, தொடைப்பக்கம் தளர்த்துவது. நாள் முழுக்க ஊராரின் இடுப்பையும் காலையும் பார்க்கிற வேலை. ஆள் ஒல்லி. ஊதினால் பறந்துவிடுவாள் என்று நினைத்து, முதல் நாள் அவள் உதைத்துப் பழக மெத்தைத் திண்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பெரிய மனசு பண்ணிச் சொன்னார்.

"பரவால்ல, பயப்படாம பலமாவே உதை."

"நெசமாவா?" என்று கேட்டாள் அவள்.

அடுத்த நொடி அவர் செருப்பு அடுக்குகிற அலமாரியின்மேல் கிடந்தார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து மாஸ்டர் அவளுக்கு வைத்த பெயர் 'சுத்தி'. சுத்தியலைச் சுருக்கி வைத்தது.

இரண்டு வருஷம் நீ, வா, போ என்று பேசிப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். மாமியார் எதிரில் 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தவளுக்கு, மாமியார் ஊருக்குப் போன பிறகும் அதுவே வாயில் நின்றுவிட்டது. இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் காலை வகுப்புக்குப் போவார்கள். "வீட்ல சண்டை வந்தா யாரு ஜெயிப்பாங்க?" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்பார்கள். "கேக்கணுமா? அலமாரி இருக்கற பக்கமே நான் போறதில்ல" என்பார். ஆரம்பத்தில் அவரும் சேர்ந்து சிரித்தார். இரண்டு பேரும் ஒரே நாளில் பிரவுன் பெல்ட் வாங்கியபோது, மாஸ்டர் அவளுடைய உதையைத்தான் எல்லோருக்கும் திரும்பச் செய்துகாட்டச் சொன்னார். அன்றைக்குக் கைதட்டியவர்களில் அவரும் ஒருவர்தான். ஆனால் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பேசாமல் சைக்கிளை மிதித்தார்.

மகள் பிறந்தாள். வகுப்பு காலை ஆறு மணிக்கு. யாராவது ஒருவர் குழந்தையோடு இருக்க வேண்டும்.

"ஒரே ஒரு வருஷம்" என்றார் அவர். "நான் பிளாக் பெல்ட்ட முடிச்சிடறேன். அப்புறம் புள்ளைய நான் பாத்துக்கறேன், நீ போ."

"சரி" என்றாள்.

அந்த வருஷம் தேர்வில் தோற்றார். அடுத்த வருஷம் வேலை அதிகம், தேர்வுக்கே போகவில்லை. அவள் மகளுக்குப் பால் கலக்கிக்கொண்டே ஒருநாள், "நான் எப்போ?" என்று கேட்டாள். "பாக்கலாம்" என்றார். பிறகு அவள் கேட்கவில்லை.

மகளுக்கு நாலு வயதானபோதுதான் அது நடந்தது. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மாஸ்டர் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"பொம்பளைங்களுக்குத் தனியா சாயங்கால வகுப்பு ஆரம்பிக்கறேன். சுத்திதான் அதுக்கு சரியான ஆளு. குழந்தையக் கூட்டிக்கிட்டு வரட்டும், இங்க ஓரமா விளையாடட்டும். ரெண்டு மாசம் பயிற்சி குடுத்தா பிளாக் பெல்ட் தேர்வையும் முடிச்சிடுவா. வீட்ல சொல்லு."

அவருக்குள் என்ன ஓடியது என்பதை அவர் பல வருஷம் கழித்துத்தான் தனக்கே ஒப்புக்கொண்டார். அப்போது தெரிந்ததெல்லாம், தனக்கு முன்னால் அவள் கறுப்புப் பெல்ட் கட்டிக்கொண்டு அந்த அறையில் நிற்கிற காட்சி மட்டும்தான். வாய் தானாகப் பேசியது.

"அவளுக்கு இப்ப இதுலல்லாம் ஆர்வம் இல்ல மாஸ்டர்."

மாஸ்டர் அவர் பக்கம் நன்றாகத் திரும்பினார். "அவளா அப்படிச் சொன்னா?"

"ஆமா மாஸ்டர். வீடு, வேலைன்னு ஆயிடுச்சு."

வீட்டுக்கு வந்தபோது அவள் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று வழக்கம்போலக் கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றார். பெண்கள் வகுப்பை வேறு யாரோ நடத்த வந்தார்கள். ஆறு மாதத்தில் அது நின்றும் போனது.

வருஷங்கள் ஓடின. அவள் கடையில் தலைமைத் தையல்காரி ஆனாள். அவர் இரண்டாவது தடவை தோற்றார். மகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனாள். அவர் வகுப்பை விடவில்லை. பயிற்சிக் கால்சட்டை மட்டும் தொடைக்கு உள்பக்கம் அடிக்கடி பிரிந்துவிடும். ராத்திரி துவைக்கப் போடுகிற துணியோடு அதையும் போடுவார். இரண்டு நாளில் தைத்து மடித்து அலமாரியில் இருக்கும். யார் தைத்தது என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. யார் தைப்பார்கள், அவள்தான்.

நாற்பத்தைந்தாவது வயதில் மூன்றாவது தடவை தோற்றார். உடன் தேர்வுக்கு நின்றவர்களில் பாதிப் பேர் அவர் மகள் வயது. அந்த வாரம் முழுக்க உர்ரென்று இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு உதைத்துக்கொண்டே இருந்தார். இன்னும் உயரமாக, இன்னும் வேகமாக, இன்னும் கோபமாக. அவள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது உதை வரை சும்மா இருந்தாள்.

"காலத் திருப்பு" என்றாள் திடீரென்று.

"எந்தக் கால?"

"ஒதைக்கற கால இல்ல, நிக்கற கால. இடது பாதம் முன்பக்கமாவே பாத்துக்கிட்டு இருக்கு. அது திரும்பாம இடுப்பு எப்படித் திரும்பும்? வெறும் முட்டியால தள்ளிக்கிட்டு இருக்க நீ." அவர் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இருக்கீங்க."

ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து குனிந்து, அவருடைய இடது குதிகாலைக் கையால் பிடித்துத் திருப்பினாள். பேன்ட்டின் மடிப்பைச் சரிசெய்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக. "குதிகால் எதிராளியப் பாக்கணும். இப்ப முட்டியத் தூக்குங்க. உசரம் வேணாம், இடுப்பு மட்டம் போதும். இடுப்ப மேல புரட்டிட்டு, அப்புறம் நீட்டுங்க."

உதைத்தார். தனக்கே புதுசாக இருந்தது. கால் காற்றில் ஒரு கோடு போட்ட மாதிரி போய்த் திரும்பி வந்தது. இன்னொரு தடவை உதைத்தார். இன்னொன்று.

"இது ஒனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"துணியப் பாத்து ஒடம்பச் சொல்றதுதானே என் பொழப்பு? இடுப்பு திரும்பாம கால விரிச்சா தையல் அந்த இடத்துலதான் பிரியும். எத்தன வருஷமா தைக்கறேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

அவள் கொடிப் பக்கம் திரும்பித் துணியை உதறினாள். "மொத தடவ தோத்துட்டு வந்தப்போ சொன்னேன். 'நீ வகுப்ப விட்டு நாளாச்சு, இப்பல்லாம் முறையே மாறிடுச்சு'ன்னீங்க. அப்புறம் சொல்லல."

அவருக்கு அப்படிச் சொன்னதாக நினைவே இல்லை. அதுதான் உறுத்தியது. சொன்னவர் மறந்துவிட்டார், கேட்டவள் பதினேழு வருஷம் வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் பயிற்சி. உதைக்கவே வேண்டாம், ஒரு மாதம் வெறும் பாதத்தைத் திருப்பினால் போதும் என்றாள். சுவரில் கை ஊன்றி, முட்டியைத் தூக்கும்போதே குதிகாலைச் சுழற்றி நிற்பது, அவ்வளவுதான். லிஃப்ட் கூரைமேல் சத்தம் கேட்டுக்கொண்டு நிற்கும்போதுகூட இடது பாதம் தன்னை அறியாமல் திரும்பிக்கொள்ளும். உதவியாளர் "கால்ல எறும்பா அண்ணே?" என்று கேட்டார். பிறகு மெதுவாக உதை. பத்து நல்ல உதை போதும், நூறு கெட்ட உதை வேண்டாம் என்றாள். கால்சட்டை பிரிவது நின்றது.

நாலாவது தடவை தேர்வில் இரண்டு பலகையும் ஒரே சத்தத்தில் உடைந்தன.

பெல்ட் கட்டுகிற நிகழ்ச்சிக்கு அவளையும் மகளையும் கூட்டிப்போனார். மாஸ்டருக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. வகுப்பை மூத்த மாணவர்களிடம் விட்டுவிட்டு, இப்படி ஏதாவது நிகழ்ச்சி என்றால் மட்டும் வருவார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"சுத்தி! எங்கம்மா போயிட்ட நீ? அன்னிக்கு பொம்பளைங்க வகுப்ப எடுத்து நடத்தச் சொல்லிக் கேட்டனுப்பினேன், ஆர்வம் இல்லன்னு சொல்லிட்டியே. எனக்கு அது ரொம்ப நாள் வருத்தம்."

பக்கத்தில் நின்றிருந்தவர் புதுப் பெல்ட்டின் முடிச்சை இறுக்குகிற சாக்கில் குனிந்துகொண்டார். அவள் ஒரு தடவை, ஒரே தடவை, திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அப்ப நேரம் இல்ல மாஸ்டர்" என்றாள். "புள்ள சின்னவ."

மகள் சிநேகிதிகளோடு போய்விட்டாள். இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். மருந்துக்கடை, பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம் எல்லாம் தாண்டியாயிற்று.  அவள் கத்தினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"ஏதாவது சொல்லு" என்றார் தெருமுனையில்.

"என்ன சொல்றது? எப்ப கேட்டாரு?"

"பாப்பாக்கு நாலு வயசு இருக்கும்போது."

அவள் மனசுக்குள் கணக்குப் பார்ப்பது தெரிந்தது. "அப்ப எனக்கு முப்பதுகூட ஆகல."

"எனக்குப் பொறாமை. வேற ஒண்ணும் இல்ல. நீ முந்திடுவன்னு."

"முந்தியிருப்பேன்" என்றாள். கோபம் இல்லை, பெருமையும் இல்லை. இந்தத் துணி சுருங்கும் என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற குரல். பிறகு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "கேட்டிருந்தா போயிருப்பேனா இல்லையான்னே எனக்குத் தெரியல. புள்ள, வேலை, எல்லாம் இருந்துச்சு. ஒருவேள நானே வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா அத நான் சொல்லியிருக்கணும்ல?" என்றாள்.

 அவர் மன்னிப்புக் கேட்டார். "சரி, வாங்க, பசிக்குது" என்றாள். மன்னித்தாளா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு மாதம் கெஞ்சி, ஒருநாள் காலை அவளை வகுப்புக்குக் கூட்டிப்போனார். மகளுடைய விளையாட்டு உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். திண்டை அவர்தான் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் முட்டியைத் தூக்கினாள். இடது குதிகால் எண்ணெய் போட்ட மாதிரி அழகாகச் சுழன்றது. ஆனால் இருபது வருஷம் தையல் மெஷின்முன் மடங்கிக்கிடந்த இடுப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. கால் அவர் முட்டி உயரத்துக்குத்தான் வந்தது. திண்டின் அடி விளிம்பில் மெத்தென்று ஒரு சத்தம். அவர் ஒரு அங்குலமும் நகரவில்லை. எப்படியாவது பின்னால் போய் அலமாரிமேல் விழுந்துவிட மாட்டோமா என்றிருந்தது அவருக்கு.

"கொஞ்ச நாள் செஞ்சா வந்துரும்" என்றார் அவசரமாக. "முறை அப்படியே இருக்கு. ஆறு மாசத்துல..."

அவள் இன்னும் எட்டு, ஒன்பது தடவை உதைத்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூச்சு வாங்கியது.

"போதும்" என்றாள். "எனக்கு இப்ப இதுல ஆர்வம் இல்ல. இத நானே சொல்றேன்."

அவர் இப்போதும் வகுப்புக்குப் போகிறார். புதிதாகச் சேர்பவர்களுக்கு சைட் கிக் கற்றுத்தரும் முறை வரும்போது நிற்கிற காலைத்தான் முதலில் பார்க்கிறார். 'நல்லா சொல்லித் தர்றீங்க சார்' என்று யாராவது சொன்னால், "என் சம்சாரம் சொல்லிக்குடுத்தது" என்கிறார். அவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்.

வீட்டில் ஒரே ஒரு வழக்கம் மாறியிருக்கிறது. உறவுக்காரர்கள் போனில், "அவ வருவாளா, அவளுக்கு எது தோதுப்படும்" என்று எது கேட்டாலும் அவர் பதில் சொல்வதில்லை. "இருங்க, அவகிட்டயே குடுக்கறேன்" என்று எழுந்து போய் போனை நீட்டுகிறார். அவள் குளித்துக்கொண்டிருந்தால் கதவுக்கு வெளியே காத்துக்கொண்டு நிற்கிறார்.

"இதுக்குக்கூடவா என்னைக் கேக்கணும்?" என்று அவள் உள்ளிருந்து சலித்துக்கொள்கிறாள்.

"ஆமா" என்கிறார்.