நல்ல நம்பர்

இங்கே ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைக்கிறார்கள். தெற்கு ஜெர்மனியில் நான் வேலை செய்யும் பல்சக்கரத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடந்த அன்று, அறுபதை நெருங்கும் நர்ஸ் ஒருவர் கால்மேல் போட்டிருந்த காலை எடுக்கச் சொன்னார், முதுகைச் சாய்க்கச் சொன்னார், வாயில் விரல் வைத்துக் காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேசாமல் இருக்கும் ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் வலது கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. ஊரில் அப்பா கையில் பட்டையைக் கட்டிக்கொண்டே, வயலில் பன்றி புகுந்த கதையை முதலிலிருந்து சொல்லுவார். டாக்டர் காற்றை இறக்கும்போதுதான் பன்றி வரப்பைத் தாண்டும்.

அளந்துவிட்டு நர்ஸ் ஏதோ கேட்டார். என் காதில் விழுந்தது ‘டுருக்’ என்ற ஒரே சொல். ரத்த அழுத்தத்துக்கு இங்கே ‘புளூட்டுருக்’ என்று பெயர். அதைத்தான் கேட்கிறார் என்று, “இல்லை, என் அப்பாவுக்கு” என்றேன். அவர் முழித்தார். உங்கள் அப்பாவும் இங்கேதான் வேலை செய்கிறாரா என்றார். பிறகுதான் விளங்கியது. வேலையில் நெருக்கடி அதிகமா என்று கேட்டிருக்கிறார். அதற்கும் அதே சொல்தான். இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்து மறுபடி அளந்தார். 148, 94. எனக்கு வயது இருபத்தேழு.

வீட்டில் வேறு யாருக்காவது உண்டா, அம்மாவுக்கு, என்றார். இல்லை என்று உடனே சொன்னேன். “அளந்து பார்த்திருக்கிறீர்களா?” என்றார். அந்தக் கேள்வியோடுதான் அன்று அறைக்குத் திரும்பினேன்.

நம்மூரில் இந்த நோய்க்குக் கொதிப்பு என்று பெயர். இங்கே ரத்தம் அழுத்துகிறது, அங்கே கொதிக்கிறது. கொதிப்பது கோபக்காரனுக்குத்தானே வரும்? எங்கள் வீட்டில் கோபம் முழுவதும் அப்பாவுடையது. தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச முகாமில் அவருக்குக் கொதிப்பு என்று சொன்னபோது யாருக்கும் ஆச்சரியம் இல்லை. சீசன் நேரம், குற்றாலத்தில் தலையைக் காட்டினால் இறங்கிவிடும் என்று யாரோ சொல்ல, அங்கிருந்தே பஸ் ஏறினோம். அப்பாவும் நானும் ஆண்கள் பக்கம் அருவிக்கடியில் நின்று கூத்தாடினோம். அம்மா பெண்கள் பக்கம் போகவே இல்லை. மருந்துச் சீட்டு நனைந்துவிடும் என்று, சாரலுக்கு முந்தானையால் பையை மூடிக்கொண்டு கடை வாசலில் நின்றாள். முகாமிலும் இப்படித்தான், அப்பாவின் சீட்டைப் பிடித்துக்கொண்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவளையும் உட்காரச் சொல்ல எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

கடையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்கு நெல் வயல், அம்மாவுக்குப் பீடித்தட்டு. காலையில் பீடி சுற்றத் தட்டை மடியில் வைத்தால் வெளிச்சம் போகும்வரை இறக்க மாட்டாள். சோற்றை நின்றபடி, ஊறுகாயோ கருவாடோ தொட்டுக்கொண்டு முடிப்பாள். எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜுக்குப் போனவன் நான். படிப்புக்குப் பீடியும் நெல்லும் பாதிப்பாதி. அவள் கழுத்தும் முதுகும் குனிந்தே இருந்ததை நான் பார்த்தேன். உள்ளே ஓடிய ரத்தத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் மறுபடி அளக்கப் போனபோது நர்ஸ் பொறுமையாக விளக்கினார். இளவயதில் ஆண்களுக்குத்தான் பெரும்பாலும் ஏறியிருக்கும். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களும் அந்த இடத்துக்கு வந்துவிடுவார்கள், சிலர் தாண்டியும் போவார்கள். வயது, உப்பு, அசையாமல் உட்காரும் வேலை, தூக்கக் கேடு எல்லாம் அதோடு சேரும். மாதவிலக்கு நிற்கும் அந்தக் காலத்துக்கு இங்கே ‘வெக்ஸல்யாரே’ என்று பெயர், மாறும் வருடங்கள். அம்மாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. கொஞ்ச நாளாகத் தலை கிறுகிறுக்கிறது, பிடரி வேர்க்கிறது என்று சொல்லியிருந்தாள். வெயிலாக இருக்கும் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

இங்கிருந்தே ஆர்டர் போட்டு வீட்டுக்கு ஒரு மெஷினை அனுப்ப வைத்தேன். தினமும் அளந்து போட்டோ அனுப்பச் சொன்னதற்கு அம்மாவின் பதில் நினைத்தபடியே இருந்தது.

“ஏலே, உங்கப்பா ஒரு ஆளு கொதிக்கதுக்கே இந்த வீடு பத்தல. நானும் கொதிச்சா எவன் தாங்குவான்?”

ஆனாலும் போட்டோ வந்தது. 126, 82. மறுநாள் 124. தொழிற்சாலையில் மெஷினுக்கு முன் நிற்கும் எட்டு மணி நேரமும் அந்த எண்ணை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டேன். என் எண்ணைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. ஒன்பதாம் நாள் போட்டோவில் மெஷினோடு கையும் கொஞ்சம் விழுந்திருந்தது. நரைத்த முடி, அரிவாள் கீறிய தழும்பு, வளையல் இல்லை.

உடனே கூப்பிட்டேன். அப்பாவை மாத்திரை போட வைத்து, அவர் கையில் கட்டி எடுத்த எண்கள் அத்தனையும். அம்மாவுக்கு அதில் குற்ற உணர்வே இல்லை.

“உங்கப்பாவுக்கு நல்ல நம்பரா வருதுல்லா. உனக்கு நல்ல நம்பர்தான வேணும்?”

உன் நம்பர் எங்கே என்றேன். முதல் நாளே பார்த்ததாகவும், 172 காட்டியதாகவும், மெஷின் ஆள் மாற்றிச் சொல்வதாகவும் சொன்னாள். பின்னாலிருந்து அப்பாவும் அதையே சொன்னார். கோபப்படுகிறவனுக்கு 126, வாய் பேசாதவளுக்கு 172 என்றால் மெஷின்தானே தப்பு?

நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அம்மாவிடம் மகன் கேட்கும் கேள்வி இல்லை அது. மாறும் வருடங்கள் என்று தமிழில் சொன்னால் அவளுக்குப் புரியாது. அப்பாவை வெளியே போகச் சொல்லிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

“யம்மா, ஒனக்கு... அது நின்னு எவ்வளவு நாளாச்சு?”

பீடித்தட்டைக் கீழே இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

“ரெண்டு வருசம்” என்றாள். பிறகு, “இதையெல்லாமா அங்கன படிச்சுக் குடுக்காங்க?”

தெரிந்ததையெல்லாம் சொன்னேன். இது கோபத்தால் வருவது இல்லை, நீ பொறுமைசாலி என்று ரத்தத்துக்குத் தெரியாது என்றேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, நீ எதற்கு அங்கே இதைப் படிக்கப் போனாய் என்று கேட்டாள். இங்கே எல்லோருக்கும் அளந்தார்கள் என்று இழுத்தேன். எனக்கும் ஏறியிருப்பதை அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

“அப்போ நீயும் கட்டு. நீ கட்டுனா நானும் டாக்டர்ட்ட போவேன்.”

போனாள். அப்பா கூடப் போய், இந்தமுறை அவர்தான் அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். இப்போது அவளுக்கும் மாத்திரை உண்டு. அப்பாவின் மாத்திரையில் பாதியை ஒடித்துக் கொடுத்துவிடக் கூடாது என்று டாக்டர் தனியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்பா அதற்குத்தான் தயாராக இருந்தார். எனக்கு இன்னும் மாத்திரை இல்லை. உப்பைக் குறை, நட, மூன்று மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். நடக்கிறேன். ஒரு இடத்தில் சும்மா உட்கார முடியாதவனுக்கு நடப்பது கஷ்டமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு ஏழு மணி, அங்கே பத்தரை. வீடியோவில் அம்மாவும் நானும் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறோம். முதல் ஐந்து நிமிடம் பேசக் கூடாது. நான் பேசினால் அவள் நம்பர் ஏறும், அவள் பேசினால் என்னுடையது. வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சை வாயில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்க்கிறோம். போன ஞாயிறு அவள் பக்கம் ஓட்டில் சாரல் விழுந்தது. என் ஜன்னலுக்கு வெளியே ட்ராம் போனது. அவள் மடியில் பீடித்தட்டு இல்லை. கை வெறுமனே கிடக்கத் தெரியாமல் விரல்கள் மட்டும் சுருட்டிக்கொண்டிருந்தன. என் கால் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு சேர்ந்து பட்டனை அமுக்கினோம். இரண்டு மெஷினும் ஒன்றாக இரைந்தன, கையை இறுக்கின. எந்தச் சத்தம் அங்கே, எந்தச் சத்தம் இங்கே என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.