தேவியின் இடுப்புப் படம்

எக்ஸ்ரே மேஜையில் கிடத்தியதுமே தேவி அலறத் தொடங்கினாள். ஏழு வயதுக் குழந்தை. பிறவியிலேயே மூளை வாதம். நடந்ததில்லை, பேச்சும் வரவில்லை. கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக் கிடந்தன.

அது 1991. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். அவளை வடக்குப்பட்டிலிருந்து பஸ் மாறிச் சுமந்து வந்திருந்தார் அம்மா மல்லிகா. கூடவே அப்பா ஏழுமலை, கம்பெனியில் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்த முகத்தோடு.

"சும்மா அழுவுறா மேடம்," என்றார் அவர். "துணி மாத்தினா அழுகை, தூக்கினா அழுகை. எல்லாம் இவ குடுக்குற செல்லம்."

மல்லிகா மகளின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

எலும்பு டாக்டர் கேட்டிருந்தது இரண்டு இடுப்பு மூட்டுகளும் தெரிகிற ஒரு படம். முழங்கால் சில்லு மேலே பார்த்திருக்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கமாகச் சாயக் கூடாது. சாய்ந்தால் அந்தப் படத்தை நம்ப முடியாது. ஏழுமலை கால்களைப் பிரிக்கப் பார்த்தார். பிரிக்கப் பிரிக்க அவை இன்னும் முறுக்கிக்கொண்டன.

அட்டெண்டர் கதவைத் திறந்தார். "அமுக்கிப் புடிச்சு எடுத்து அனுப்புங்க மேடம். வெளிய கூட்டம் கத்துது."

அப்படி எடுத்தால் படம் ஆடிப்போகும். மறுபடி எடுத்தால் குழந்தைக்கு இன்னொரு முறை கதிர். "கத்தட்டும்," என்றேன்.

மல்லிகாவிடம் கேட்டேன்: "வீட்ல எப்படி வெச்சா அடங்குவா?"

"முட்டிக்குக் கீழ என் தொடைய குடுத்து, பேசிக்கினே இருந்தா அடங்குவா மேடம்."

ஒரு தலையணையைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்தேன். வளைந்து தூக்கியிருந்த முதுகு மேஜையில் படிந்தது. மல்லிகாவுக்குக் கதிர் படாமலிருக்க ஈய ஏப்ரன் மாட்டித் தலைமாட்டில் நிறுத்தினேன். பக்கத்து வீட்டில் போய் முட்டையிடுகிற தங்கள் கோழியின் கதையை அவர் ஆரம்பித்தார். கோழி வேலி தாண்டுவதற்குள் தேவியின் கால்கள் மெல்லத் தளர்ந்தன. கால்கள் நகராதபடி இரு பக்கமும் சின்ன மணல் மூட்டை அணைத்து, பட்டனை அழுத்தினேன்.

டார்க் ரூமில் ஃபிலிம் தெளியும்போதே தெரிந்துவிட்டது. வலது தொடை எலும்பின் பந்து இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் இருந்தது. இடது பந்து கிண்ணத்தை விட்டு வெளியேறி மேலே நின்றது.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, பேனாவால் காட்டினார். "சதை இறுகி இறுகி எலும்பை வெளிய இழுத்துடுச்சுப்பா. கால அசைச்சா வலிக்கும்."

"அப்போ துணி மாத்தும்போது அழுவுறது?" என்றார் ஏழுமலை.

"வலிதான்."

ஏழுமலை மனைவியிடம் திரும்பி, "நீ வலின்னு சொல்லிக்கினேதான் இருந்த," என்றார்.

சென்னையில் ஆபரேஷன் நடந்தது. தேவி நடக்கவில்லை, நடப்பாள் என்று யாரும் சொல்லவும் இல்லை. சில மாதம் கழித்துச் செக்கப்புக்கு வந்தபோது அப்பாவின் மடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "இப்போ குளிப்பாட்டும்போது சிரிக்கிறா மேடம்," என்றார் மல்லிகா.

வலது இடுப்பையும் விடாமல் படமெடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். மூட்டு நகர ஆரம்பிக்கும்போது வலி இருக்காதாம். அதன்பிறகு இப்படிப்பட்ட குழந்தை நெஞ்சுப் படத்துக்கு வந்தால்கூட, இடுப்பைப் பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களும் கேளுங்கள். வலிக்கிறது என்று சொல்ல அந்தக் குழந்தைகளுக்கு அழுகையைத் தவிர வேறு வழியில்லை. அதற்கு முன்பே நாம் பார்த்துவிட வேண்டும்.