சித்திரை வெயிலில் ரோஜா விற்றோம்

‘உயிருள்ள சரக்கை விற்கிறவன்...’ என்று தொடங்கி என் மாமனார் ஒன்று சொல்வார். தூங்கக் கூடாது என்பாரா, துக்கப்படக் கூடாது என்பாரா, பின்பாதி மறந்துவிட்டது. ஜவுளிக் கடைக்காரருக்கு விற்காத சேலை பீரோவுக்குள் கிடக்கும். நம் தொழிலில் விற்காதது கண்ணெதிரே தலையைத் தொங்கப்போடும். செடிக்கடை வைத்திருக்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கண்டிச் சீமையில் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிவிட்டு, நாற்பதைத் தாண்டி ஊர் திரும்பி, மதுரைக் காளவாசலில் ரோஜாவும் குரோட்டன்ஸும் விற்க உட்கார்ந்தவன் நான். கடை தள்ளாடியது. பழைய வேலை காலியாக இருக்கிறது, வருவதா இல்லையா என்று சித்திரை முடிவதற்குள் சொல் என்று தோட்டத்துத் துரை எழுதியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் மதுரையிலும் சுற்றுப்பட்டிலும் இருந்த சின்னச் செடிக்கடைக்காரர்கள் சேர்ந்து வைகைக் கரையில் ஒரு பொருட்காட்சி போட்டோம். வெளியூர்க் கடைக்காரர் இரண்டொருவர் என்னிடம் வாடிக்கையாக ரோஜா எடுக்க ஒத்துக்கொண்டால் இங்கே இருப்பது, இல்லையென்றால் கப்பலேறுவது. வீட்டில் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தேன்.

நாள் குறித்தது

பொருட்காட்சியைச் சித்திரைத் திருவிழாவில்தான் வைக்க வேண்டும் என்றவர் விதைக்கடை சுப்பையா அண்ணன். எங்களுக்குத் தலைவர் மாதிரி. அழகர் ஆற்றில் இறங்கும்போது அம்புட்டுச் சனம் வருமே, விடலாமா என்றார். கூட்டத்தை யோசித்தோமே தவிர, மாதத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த வெயிலில் எவன் குழி தோண்டிச் செடி வைப்பான்? முதல் நாள் மத்தியானமே என் ரோஜாக்கள் வதங்கிவிட்டன. அண்ணனிடம் போய் நின்றேன். தலைத்துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டே சொன்னார்: “சாமி என்ன, நம்ம தோதுக்கு மழை மாசத்துலயாய்யா ஆத்துல எறங்கும்?”

நிழல்

கூட்டம் வரவில்லை என்று சொன்னால் பொய். கீற்றுப் பந்தல், நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்த மண், வரிசையாகத் தொட்டிகள். ஊரிலேயே குளிர்ந்த இடம் எங்களுடையதுதான். வந்தவர்கள் கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். தமிழிலும் இங்கிலீஷிலும் நான் அழகாக எழுதி வைத்த பெயர் அட்டைகளை உருவி விசிறிக்கொண்டார்கள். ஓர் அம்மாள் என் கடைக்கு முன்னால் இரண்டு பந்தல்காலுக்கு நடுவே தூளியே கட்டிவிட்டாள். வந்ததுதான் வந்தாள், செடியாவது பார்க்கட்டும் என்று ஆரம்பித்தேன். உதட்டில் விரலை வைத்தாள். “மெல்லப் பேசுங்கண்ணே, பிள்ள இப்பத்தான் கண்ணசருது.”

கொப்பு

எழுமலையில் கடை வைத்திருந்த வீரணனைத்தான் நான் மலைபோல நம்பினேன். கூட இரண்டு கடைக்காரர்களையும் அழைத்து வந்தார். நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தேன். எந்த ரகம் வெயில் தாங்கும், எதற்கு எம்புட்டுத் தண்ணீர் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். “ஆடியில பாப்போம்” என்று கிளம்பினார்கள்.

திரும்பிப் பார்த்தால் ஒவ்வொரு ரோஜாவிலும் ஒரு கொப்பு இல்லை. நம் பக்கத்தில் செடி எங்கே காசுக்கு வாங்குகிறார்கள்? அடுத்த வீட்டில் ஒடித்து ஊன்றுவதுதானே வழக்கம், அதுவும் சொல்லாமல் ஒடித்தால்தான் பிடிக்கும் என்று நம்பிக்கை. ஆனால் செடி விற்கிறவர்களே! ஓடிப்போய் மாட்டு வண்டியை மறித்தேன். ஈரத்துண்டில் சுற்றிய கொப்புகள் வீரணன் மடியில் இருந்தன. கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேனே என்றேன். கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: “கேட்டு வாங்குனா தழைக்காதே மாப்ள, ஒனக்குத் தெரியாததா?”

நாகமலைக்காரர்

கடைசி நாள் சாயங்காலம். கீற்றைப் பிரிக்கத் தொடங்கியாயிற்று. ஒரு கடைக்காரரும் சரி என்று சொல்லவில்லை. துரைக்கு அடிக்க வேண்டிய தந்தியை, புறப்பட்டு வருகிறேன் என்று, மனசுக்குள் இங்கிலீஷில் எழுதி முடித்திருந்தேன்.

அப்போது நாகமலை புதுக்கோட்டை விவசாயி ஒருவர் வந்தார். போன வருஷம், மனைவி படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், கிடந்த இடத்திலிருந்து பார்க்க ஒரு பூச்செடி வேண்டும் என்று சிவப்பு ரோஜா வாங்கிப் போனவர். பூத்ததா என்று கேட்டேன்.

“பூக்குதுண்ணே. அவ போனதுக்குப் பெறகுதான் பூக்குது. வாசல்ல கால் வச்சா அதுதான் கண்ணுல படுது. வெட்டிப் போடவும் மனசு வரல. நீங்களே வந்து எடுத்துட்டுப் போயிருங்க.”

இந்த வெயிலில் வேரைத் தொட்டால் பட்டுப்போகும், மழை விழுந்து மண் இளகட்டும், ஐப்பசியில்தான் தோண்டலாம் என்றேன். வேறு யார் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அப்ப அதுவரைக்கும் தண்ணி ஊத்துறேன். ஐப்பசியில வந்துருவீகள்ல?”

மறுநாள் காலை தபாலாபீஸுக்குப் போய், வரவில்லை என்று கண்டிக்குத் தந்தி கொடுத்தேன்.