முப்பது குழி முட்டை அட்டை

நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற ரோட்டில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் குஞ்சம்மாளிடம் ஒரு வித்தை உண்டு. காலையில் கோழிச் செட்டுக்குள் போகுமுன் வாசல் தட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பாள். ஆறாயிரம் கோழிகளின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பாள். பிறகு, தண்ணீர்க் குழாயில் அடைப்பு என்பாள். இல்லாவிட்டால் மூன்றாவது வரிசையில் ஒன்றை மற்றவை கொத்துகின்றன என்பாள். போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். இது பிறந்த வீட்டுச் சீதனம் இல்லை. அவள் அப்பன் வகையறா பரமத்திப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர்கள். தாய்வழியிலும் கோழி வளர்த்தவர் கிடையாது. பத்தொன்பது வயதில் குமாரசாமிக்கு வாக்கப்பட்டு வந்து, நாற்பது வருசம் கூண்டுகளுக்கு நடுவே நடந்து அவளாகச் சம்பாதித்த காது.

அந்தக் காதுக்கே சொந்த வீட்டில் ஒரு சத்தம் நின்றுபோனது எட்டவில்லை.

குமாரசாமி வாய் ஓயாத மனுசர். லாரி ஓட்டிய நாளில் நாக்பூர் போய்ச் சேரும்வரை கிளீனரைத் தூங்கவிடாமல் பேசிக்கொண்டே போனவர். பண்ணைக்கு முட்டை ஏற்ற வருகிறவர்களையும் நிறுத்தி வைத்து, அவரவர் மாமனார் வீட்டுக் கதை வரைக்கும் கிளறிவிட்டுத்தான் அனுப்புவார். போன வருசம், அறுபத்திரண்டாவது வயதில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னவை கொஞ்சம்தான். மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது, விட்டால் உள்ளே வைத்தது அடைத்துக்கொள்ளும். பீடி கூடாது. நடக்க வேண்டும். எண்ணெயைக் குறைக்க வேண்டும்.

குறைக்க வேண்டும் என்றுதான் அவர் சொன்னார். மிச்சத்தைச் சொந்தபந்தம் பார்த்துக்கொண்டது.

உடம்புக்கு முடியாதவரைப் பார்க்க நம் பக்கத்தில் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து வைப்பார்கள். போகும்போது, இது ஆகாது என்று சொல்லி நோயாளியின் தட்டிலிருந்து ஒரு பண்டத்தை எடுத்துக்கொண்டு போவார்கள். குமாரசாமியின் சின்னம்மா மருமகன் சுவாமிநாதன் தேங்காயை எடுத்தார். அவருக்கும் இரண்டு வருசத்துக்கு முன்னால் ஸ்டென்ட் வைத்ததால் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. வேலூர்ப் பங்காளி ஒருவர் நிலக்கடலையை எடுத்தார். குஞ்சம்மாளின் அக்காள் கந்தம்மாள் நெய்யை எடுத்தாள், கூடவே தயிர் ஆடையையும். சேலத்தில் வாக்கப்பட்டிருக்கும் மகள் தனப்பிரியா போனிலேயே முட்டையின் மஞ்சள் கருவை எடுத்தாள். அன்றிலிருந்து ஆறாயிரம் கோழி வைத்திருக்கிற வீட்டில் மஞ்சள் கரு நாய்க்குப் போயிற்று. கடைசியாக வந்த சம்பந்தியம்மா, தாளிக்க விடும் அரைக் கரண்டி கடலெண்ணெயையும் நிறுத்தச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். ஒருத்தரிடம் மறுத்துப் பேசினாலும் புருசன்மேல் அக்கறை இல்லாதவள் என்று பேராகிவிடும். குஞ்சம்மாள் அத்தனைக்கும் தலையாட்டினாள். பத்தே நாளில் அந்தச் சமையல்கட்டில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

இன்னொன்றும் செய்தாள், யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று ஆக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவர் தின்றதையே அவளும் தின்றாள். ராகிக் களி, வெந்த கீரை, வெள்ளைக் கரு. அரிசியும் பருப்பும் போட்டுச் சோறு ஆக்கினால் முன்பெல்லாம் நெய்யைக் குழி பறித்து ஊற்றுகிற வீடு அது. இப்போது அதே சோறு தட்டில் மண்போலக் கிடந்தது.

மாசம் ஆக ஆகக் குமாரசாமியின் பேச்சு குறைந்தது. சாப்பிடுவார், கை கழுவுவார், பிளாஸ்டிக் நாற்காலியில் மதில் சுவரைப் பார்த்து உட்காருவார். அண்ணன் ஏன் பேசமாட்டேன் என்கிறார் என்று முட்டை வண்டிக்காரர்கள் கேட்டபோது, ஓய்வு என்றாள் குஞ்சம்மாள். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

இந்த ஏப்ரலில் ஒரு நாள் காலை. முட்டை அடுக்க ஓர் அட்டை குறைந்தது. பரணில் கிடந்த பழைய அட்டையை இழுத்தாள். முப்பது குழியில் பதினொரு குழிக்குள் ஒவ்வொன்றாக அவருடைய வெள்ளை மாத்திரை. முதல் வரிசையிலிருந்து பிசகாமல், ஒரு நாளைக்கு ஒன்றாக வைத்து வந்தது தெரிந்தது.

அட்டையைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருந்து என்ன பண்ணப் போறேன் புள்ள" என்றார். பிறகு, "காசு குடுத்து வாங்கினது, வீச மனசு வல்ல" என்றார்.

குஞ்சம்மாள் அழவில்லை. உங்களுக்காக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றால் வரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, எனக்கு மேலுக்குச் சொகமில்லீங்க. தொணைக்கு வாங்க."

பொய்தான். ஆனால் அவர் எழுந்தார். மொபெட்டை அவளே ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்தவர் மடியில் ஒரு பை. அதற்குள்தான் அந்த அட்டை. பையில் என்ன என்று வழியெல்லாம் ஒருமுறைகூட அவர் கேட்கவில்லை.

டாக்டர் பதறிப்போய்த் திட்டினார். ஈசிஜி எடுத்தார், நல்ல காலம் என்றார், மாத்திரையைத் தன் கண்முன்னால் விழுங்க வைத்தார். விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து விழுங்கக்கூடாது என்று எச்சரித்தார். பிறகு இருவரையும் சாப்பாட்டு விவரம் பார்க்கும் வித்யா என்ற பெண்ணிடம் அனுப்பினார். வித்யா ராசிபுரத்துக்காரி, பொறுமைசாலி. காலையிலிருந்து ராத்திரி வரை என்ன தின்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். எழுதி முடித்து, எண்ணெயே இல்லையே, யார் சொன்னது என்றாள். குஞ்சம்மாள் சுவாமிநாதனிலிருந்து சம்பந்தியம்மா வரை வரிசையாகச் சொன்னாள்.

வித்யாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"ருசி நாக்கோட முடிஞ்சுபோறதில்லீங்கம்மா. கொழுப்பு கொஞ்சம் செறுகுடலுக்குப் போய்ச் சேர்ந்ததும், அங்கிருந்து ஒரு நரம்பு வழியா மூளைக்குச் சேதி போகுது. சோறு வந்திருச்சு, நெம்மதியா இருன்னு. இவருக்கு அந்தச் சேதி போயே எத்தனை மாசமோ. அதுக்காக ஊத்தியும் தள்ளக்கூடாதுங்க, தெனம் அள்ளி அள்ளி ஊத்தினாலும் அந்தச் சேதி மங்கிப்போயிரும். எண்ணெய் ஒண்ணுதான் காரணம்னும் சொல்ல மாட்டேன். நெஞ்சுக்கு வைத்தியம் பாத்தவங்களுக்கு மனசு சோர்ந்துபோறது நெறைய நடக்குது. அதுக்குத் தனி டாக்டர் இருக்கார், இன்னைக்கே பாத்திருங்க."

அப்புறம், தற்செயலாகக் கேட்பதுபோல, "நீங்க என்ன சாப்பிடறீங்க?" என்றாள்.

"அதையேதான் சாமி."

"உங்க மனசு எப்படி இருக்குதுங்கம்மா?"

அந்த ஒரு வருசத்தில் இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. குஞ்சம்மாள் மெதுவாகச் சொன்னாள். செட்டுக்குள் போனால் ஒன்றுமில்லாததற்கு அழுகை வருகிறது, சத்தம் கேட்டாலும் மண்டையில் ஏறுவதில்லை, போன வாரம் தண்ணீர்க் குழாய் அடைத்திருந்ததை மத்தியானம்தான் கண்டுபிடித்தாள். அதைச் சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது.

"கோழிக்குத் தீவனம் மாத்தறதுன்னா ஒரே நாள்ல மாத்த மாட்டேன் கண்ணு. கால் பங்கு, அரைப் பங்குன்னு கலந்து வாரக்கணக்குல மாத்துவேன். இல்லாட்டி செட்டே சொணங்கிப்போகும். கட்டினவருக்குப் பாரு, வந்தவங்க போனவங்க சொன்னாங்கன்னு அத்தனையும் உருவிட்டேன்."

சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த குமாரசாமி நாற்காலியோடு திரும்பினார். துணைக்கு வந்தது நிசமாகவே துணைக்குத்தான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கும்.

"நீயும் அதையேவா தின்ன?" என்றார்.

குஞ்சம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று ஸ்பூன் எண்ணெய் என்று வித்யா அளவு எழுதிக் கொடுத்தாள். குஞ்சம்மாள் அதையும் கோழிக்குச் செய்கிற மாதிரியே செய்தாள். முதல் வாரம் தாளிக்க ஒரு ஸ்பூன். அடுத்த வாரம் கீரையில் ஒன்று. பிறகு ஒரு பிடி வறுத்த நிலக்கடலை. வாரத்தில் சில நாள் முழு முட்டை, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு. மனசு டாக்டர் கொடுத்த மாத்திரையும் பேச்சும், சாயங்கால நடையும் சேர்ந்தே நடந்தன. கந்தம்மாள் மறுபடி பார்க்க வந்து அடுப்பில் கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு முகத்தைச் சுளித்தபோது, குஞ்சம்மாள் அக்காளுக்கும் ஒரு தட்டு வைத்தாளே தவிர விளக்கம் சொல்லவில்லை. அக்காளை எதிர்த்து அவள் நின்றது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

சட்டென்று எதுவும் மாறிவிடவில்லை. குமாரசாமி இன்னும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்தார். ஒரு நாள் குழம்பில் உப்பு இல்லை என்றார். அவர் குறை சொல்லி அத்தனை மாசம் ஆகியிருந்தது. குஞ்சம்மாள் உள்ளே போய் உப்பு எடுக்கிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

ஜூன் ஒன்றாம் தேதி, பரணில் கிடைத்த அந்த அட்டையைத் துடைத்துச் சாப்பிடும் இடத்தில் வைத்தாள். அந்த மாசத்து மாத்திரையை, உறையிலிருந்து பிரிக்காமல் ஒவ்வொன்றாய் வெட்டி, குழிக்கு ஒன்றாக முப்பது குழியிலும் வைத்தாள். அன்று முதலாவது குழி காலியாயிற்று. மறுநாள் இரண்டாவது. அவள் தினமும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு செட்டுக்குப் போவாள்.

மாசக் கடைசியில் இரண்டு குழியே மிச்சம். முட்டை வண்டி வந்து நின்றிருந்தது. குமாரசாமி மாத்திரையை விழுங்கிவிட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடுத்த மாசத்துக்கு முப்பத்தொரு நாளாச்சே புள்ள. ஒரு குழிக்கு எங்க போவ?"

"இன்னொரு அட்டை வெச்சுட்டாப் போச்சுங்க."

"ஒத்த மாத்திரைக்கு ஒரு அட்டையா? உங்கொப்பன் வெத்தல வித்து வெச்சிருக்கிற காசு பாரு."

வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். அவர் விடவில்லை, அவர்களில் இளையவனைப் பிடித்து, உன் மாமனார் எப்படியப்பா இருக்கார் என்று ஆரம்பித்தார். செட்டை நோக்கி நடந்த குஞ்சம்மாள் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு ஒரு நிமிடத்துக்கு மேலேயே நின்றாள். காது மட்டும் கோழிகள் பக்கம் இல்லை.