சாமி கும்பிடுகிறவன்

சென்னிமலையில் நாடகம் முடிந்ததும், தறி ஓட்டும் ஒல்லியான அம்மா ஒருவர் மேக்கப் ரூமுக்கே வந்துவிட்டார். முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார். நான் இளவரசன் வேடத்தைக் கலைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க தம்பி, அப்பனைக் கொன்னவன் உங்க முன்னால மண்டி போட்டிருக்கறான், உங்க கையில கத்தி இருக்குது. எதுக்குங்க உட்டுப்போட்டீங்க?"

"அவன் சாமி கும்பிட்டுட்டு இருந்தானுங்கம்மா."

"எம் பையனைக் கொன்ன எங்க தறி மொதலாளியும் செவ்வா தவறாம மலைக்குச் சாமி கும்பிடப் போறாருங்க. எதுக்க வந்தா இன்னமும் நான் எந்திரிச்சு நிக்கறேனுங்க."

"கொலைகாரனுக்கு எதுக்கும்மா மரியாதை?" கத்திவிட்டேன்.

"நீங்களுந்தானுங்களே உட்டுப்போட்டீங்க."



இப்போதும் அந்தக் காட்சியில் நான் கத்தியை உறையில் போட்டதும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எதற்கய்யா தட்டுகிறீர்கள்?