கல்லுக்கு மட்டும் வாழைநார்

பிள்ளைகளா, நீங்கள் கடையிலிருந்து வாங்கி வந்த தூண்டிலில் ஈயக்குண்டு கட்டியிருந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு, உங்கள் அம்மாவின் தையல் நூலால் நான் திரும்பக் கட்டினேன் அல்லவா? "நல்லா இருந்ததை அப்பா கெடுத்துட்டாரு" என்று சின்னவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பெரியவள் அவனைத் தேற்றினாள். "அப்பாவுக்கு வயசாயிடுச்சு, விடுடா" என்றாள். இதெல்லாம் எனக்கு வாயால் சொல்ல வராது. பாதியில் நின்ற படிப்புதான் என்றாலும் எழுதினால் ஓரளவு வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அது ஜப்பான்காரன் காலம். நாங்கள் மலாக்காவில், காஜா பெராங்கில், அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு வீட்டில் குடியிருந்தோம். என் அப்பா ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் மூட்டை கட்டுகிறவர். அவர் கட்டிய மூட்டை கப்பலிலிருந்து கடலில் விழுந்தாலும் பிரியாது என்று முதலாளி சொல்வாராம். முதலாளி சொன்னதை நாங்கள் கேட்டதில்லை. அப்பா சொல்லித்தான் கேட்டிருக்கிறோம், அடிக்கடி. துணி வருவது நின்றபோது கடை நின்றது. அப்பா வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டார். காலையிலும் கிழங்கு, மாலையிலும் கிழங்கு.

அம்மாவின் தம்பி, என் மாமா, ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். அங்கே வேலை இல்லாமல் போகவே எங்களோடு வந்து தங்கினார். கல்யாணம் ஆகாதவர். அவர் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி; கிழங்கில் இன்னொரு பங்கு போகிறது என்பது அப்பாவின் முகத்தில் தெரியும். மாமாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் என் தங்கைக்குக் கால் வீங்கத் தொடங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழும். குழி நிரம்பவே நிரம்பாது. பக்கத்து வீட்டில் ஒரு மலாக்கா செட்டி அம்மாள் இருந்தார். அவருக்குச் சாமி நம்முடைய சாமி, பேச்சு மட்டும் மலாய். அவர் வந்து தங்கையின் காலைப் பார்த்துவிட்டு, "காசி இக்கான்" என்றார். மீன் கொடு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. மீனுக்கு எங்கே போவது? சந்தையில் வருவதெல்லாம் ஜப்பான்காரன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சொன்னவருக்கே மனம் கேட்கவில்லை போலும். சற்று நேரத்தில் ஓர் உடைந்த குடையைக் கொண்டுவந்து மாமாவிடம் கொடுத்தார்.

அந்தக் குடையிலிருந்துதான் தூண்டில் பிறந்தது. மாமா குடைக்கம்பி ஒன்றை உருவி, அடுப்புத் தணலில் பழுக்கக் காய்ச்சி, வளைத்து, கருங்கல்லில் நாள் முழுக்கத் தேய்த்து முள் ஆக்கினார். கோணிச் சாக்கைப் பிரித்து நூலெடுத்துத் தொடையில் வைத்து முறுக்கிக் கயிறு திரித்தார். உப்புத் தண்ணீரில் அழுகாமல் இருக்க அதை, கடலோரச் சேற்றில் வளரும் பக்காவ் மரத்தின் பட்டை ஊறிய சிவப்புத் தண்ணீரில் போட்டு எடுத்தார். கயிற்றின் நுனியில் கல். கல்லுக்கு ஒரு சாண் மேலே கிளை மாதிரி ஒரு துண்டுக் கயிறு, அதில் முள். முள் சேற்றில் படுத்தால் இரையை நண்டு தின்றுவிடும், அதனால்தான் அந்த உயரம். கல் என்று சொன்னாலும் அது உடைந்த கூரையோட்டுச் சில்லு. இரண்டு பக்கமும் தேய்த்து அதற்கு இடுப்பு மாதிரி வைத்திருந்தார், கட்டு வழுக்காமல் இருக்க.

எல்லாம் முடிந்த பிறகு, "அக்கா, பூக்கட்டுற நாரு கொஞ்சம் குடு" என்று கேட்டார். அந்த வாழைநாரால்தான் சில்லைக் கயிற்றோடு கட்டினார்.

அப்பாவால் பொறுக்க முடியவில்லை. "என்னா மாப்ள, தூண்டில் கட்டுறியா, சாமிக்கு மாலை கட்டுறியா?"

"கடலுக்கடியில பூரா கல்லு மச்சான். சில்லு போய்ச் சொருகிக்கும். அப்போ இழுத்தா நாரு அறுந்து சில்லு மட்டும் போகணும். முள்ளும் கயிறும் வீட்டுக்கு வந்துடணும்."

"போகும்னு தெரிஞ்சே ஒன்னைக் கட்டுவாங்களா?"

"போறதுக்குன்னே கட்டுறதுதான் அது" என்று மாமா சிரித்தார்.

மாமாவும் நானும் பண்டார் ஹிலிர் கடலோரத்துக்கு நடந்து போவோம். ஆற்றுப் பாலத்தில் ஜப்பான் சிப்பாய் நிற்பான். நின்று, இடுப்பை வளைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் தாண்ட வேண்டும். "நல்லா குனிடா, நம்ம சில்லு மாதிரி உனக்கும் இடுப்பு இருக்குன்னு அவன் பார்க்கட்டும்" என்று மாமா காதில் சொல்வார். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும் பாடாக இருக்கும். கரையில் அலையைத் தடுக்கக் குவித்த கற்களின் மேல் நின்று வீசுவோம். கெளுத்தி கிடைக்கும். சில நாள் ஒன்றும் கிடைக்காது. சில்லு மட்டும் ஏறக்குறைய நாள்தோறும் போகும். நார் அறுபடும்போது கையில் சின்னதாக ஓர் அதிர்வு, பிறகு கயிறு இலேசாகிவிடும். மாமா கயிற்றைச் சுருட்டி முள்ளைத் தடவிப் பார்த்துவிட்டு மடியிலிருந்து அடுத்த சில்லை எடுப்பார்.

தங்கையின் கால் வீக்கம் வடிய ஆரம்பித்தது.

ஒரு நாள் மாமாவுக்குக் காய்ச்சல். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கிளம்பும் முன் வாழைநாரைப் பிய்த்துப் போட்டுவிட்டு, கடையில் மூட்டை கட்டி மிஞ்சிய சணல் கயிற்றால் தம்முடைய பேர்பெற்ற முடிச்சைப் போட்டார். முதல் வீச்சிலேயே சில்லு மாட்டியது. அப்பா இழுத்தார். உட்கார்ந்து இழுத்தார். கல்லில் காலை ஊன்றி இழுத்தார். கடைசியில் கயிறு அவர் கைக்குப் பக்கத்திலேயே அறுந்தது. முள், கயிறு, சில்லு எல்லாம் கடலுக்குள். முடிச்சு மட்டும் அவிழவில்லை. முதலாளி சொன்னது உண்மைதான்.

வீட்டில் அம்மா கிழங்கை எடுத்து வைத்தாள். மாமா போர்வைக்குள்ளிருந்து, "குடையில இன்னும் கம்பி இருக்கு மச்சான்" என்றார். அப்பா கிழங்கைத் தொடாமல் போய்ப் படுத்துவிட்டார். ஆனால் இரண்டாவது தூண்டில் தயாரானபோது, நாரை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தவர் அவர்தான்.

அதன் பிறகு எங்கள் கம்பத்துக்கு, அதாவது ஊருக்கு, தலைவராக இருந்தவர் வந்தார். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், வீட்டுக்கு ஓர் ஆண் வர வேண்டும், சில மாதத்து வேலை, அரிசிச் சோறு உண்டு, விடிந்ததும் லாரி வரும் என்றார். சொல்லும்போது அவர் அப்பாவைத்தான் பார்த்தார். வீட்டுக்காரர் அப்பாதானே.

அரிசிச் சோறு என்றதும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அப்பாவுக்கு அடித்த யோகம் என்று நினைத்தேன். அம்மா ஏன் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள் என்று புரியவில்லை. அவள் அப்பாவையும் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துணிமணி எடுத்து வை. நான் போறேன்" என்றார் அப்பா.

மாமா தூண்டில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "உங்க முடிச்சுதான் அவிழாதே மச்சான். நீங்க போனா வீட்டையே சேர்த்து இழுத்துக்கிட்டுப் போயிடுவீங்க" என்றார்.

நான் உரக்கச் சிரித்தேன். அப்பா முடிச்சைக் கேலி செய்தால் நான் சிரிப்பது வழக்கம். அன்று வேறு யாரும் சிரிக்கவில்லை.

"நீ சும்மா இரு மாப்ள."

"மலாக்கா தண்டவாளத்தைப் பேர்த்து முன்னாடியே சயாமுக்கு அனுப்பிட்டானுங்க. பழகின தண்டவாளம், தனியா இருக்கும். நான் போய்ப் பார்த்துட்டு வரேன்."

அப்பா அதற்கு மேல் மறுக்கவில்லை. அவர் மறுத்திருக்க வேண்டும் என்று பின்னாளில் பல வருடம் நினைத்திருக்கிறேன். நீங்கள் பிறந்து, உங்களைத் தூக்கி வைத்துக்கொண்ட பிறகு அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன்.

விடியும் முன்பே மாமாவின் துணிமூட்டையை அப்பா கட்டினார். அவ்வளவு சின்ன மூட்டைக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு அவர் கட்டி நான் பார்த்ததில்லை. முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே இருந்தார். அம்மா அவித்த கிழங்கை இலையில் மடித்துக் கொடுத்தாள்.

லாரியில் ஏற்கனவே ஆட்கள் நெருக்கி நின்றிருந்தார்கள். மாமா ஏறிக்கொண்டார். நான் ஓடிப்போய்ப் பலகையைத் தொட்டுக்கொண்டு, "மாமா, வரும்போது கடை முள்ளு வாங்கிட்டு வாங்க" என்றேன்.

"பெருசா, சிறுசா?"

"ரெண்டும்."

"ரெண்டும் வேணுமாம்லா" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிச் சிரித்தார். லாரி புறப்பட்டது. அம்மா அழுதபோது, மாமாதான் முள்ளோடு வரப்போகிறாரே, இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

பிறகு நான் தனியாக மீன் பிடித்தேன். வாழைநாரில்தான் சில்லைக் கட்டினேன். மாமா தேய்த்து வைத்துவிட்டுப் போன சில்லுகள் ஒரு டின் நிறைய இருந்தன. தங்கை எழுந்து நடந்தாள்.

ஜப்பான்காரன் போய் வெகுநாள் கழித்து, அந்த லாரியில் போன ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். அப்பா அவரைப் பின்பக்கம் மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே அழைத்துப்போய்ப் பேசினார். திரும்பி வந்து அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னார். அம்மா அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வந்தவர் கையில் பொட்டலம் ஏதும் இல்லை என்பதை மட்டும் பார்த்தேன்.

தூண்டிலை எடுத்துக்கொண்டு பண்டார் ஹிலிருக்குப் போனேன். டின்னில் கடைசியாகக் கிடந்த சில்லைக் கட்டி வீசினேன். மாட்டிக்கொண்டது. இழுத்தேன். அந்தச் சின்ன அதிர்வு வந்தது, நார் அறுந்தது. முள்ளும் கயிறும் பத்திரமாகக் கரைக்கு வந்தன. எப்போதும் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவன் அன்று சுருட்டாமல் அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

தண்ணீர் வற்றிக் கடல் வெகுதூரம் பின்வாங்கியது. நான் கற்களிலிருந்து இறங்கினேன். சேறு முழங்கால் வரை ஏறியது. குனிந்து, கல்லிடுக்குகளில் கையை விட்டு ஒவ்வொன்றாகத் துழாவினேன். எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. தண்ணீர் திரும்பி வரத் தொடங்கிய நேரத்தில், சேறு அப்பி, இடுப்பு தேய்த்த ஒரு சில்லு கையில் தட்டுப்பட்டது. அன்று போனதா, முன்பு எப்போதோ போனதா, தெரியவில்லை. கடல் தண்ணீரில் கழுவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.