பொஸ்பரஸ் கரையில் ஒரு வாளித் தண்ணீர்

1976 நவம்பரில் நானும் மனைவி சரசுவும் லண்டனிலிருக்கும் மைத்துனர் வீட்டுக்குப் புறப்பட்டோம். வழியில் இஸ்தான்புல்லில் மூன்று நாள் தங்க ஏற்பாடு. அரண்மனைகள் பார்க்கும் ஆசை எனக்கு. சிட்னியின் லிட்கம் புறநகரில் இரண்டறை வாடகை வீட்டில் இருப்பவனுக்கு வேறென்ன ஆசை வரும்?

புறப்படும் நாள் காலையில், என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் துருக்கியர் ஹசன் வந்தார். தானும் மனைவியும் குழந்தையும் நிற்கும் புகைப்படம் ஒன்றை நீட்டினார்.

"அம்மாவிடம் கொடு. கடற்கரையில் ஒரு பழைய மாளிகைக்குக் காவல் இருக்கிறார். நான் இந்த நாட்டுக்கு வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. புறப்பட்ட அன்று கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார். ஐந்து வருடமாக ஒரு கடிதத்துக்கும் பதில் இல்லை. கோபம் போய்விட்டதா என்று மட்டும் பார்த்து வந்து சொல்."

தலையாட்டினேன். அவர் போனதும் சரசு சிரித்தாள்.

"இஞ்சேருங்கோ, என்ர கோபமே உங்களுக்கு விளங்கிறேல்லை. துருக்கிக் கோபம் விளங்கப்போகுதோ?"

முதல் நாள், நண்பகல் பன்னிரண்டு மணி. ஒட்டோமான் சுல்தான்களின் டொல்மாபாஹ்சே அரண்மனை. நாட்டின் முதல் தலைவர் இங்கேதான் உயிர்விட்டாராம். அந்த நேரத்திலேயே, ஒன்பது ஐந்தில், கூடத்துக்குக் கூடம் மணிக்கூடுகள் நின்றிருந்தன. சும்மா என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது ஐந்து! காதில் வைத்துப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"சிட்னி நேரத்தை மாத்தினனீங்களோ?" என்றாள் சரசு.

மாற்றவில்லை.

இரண்டாம் நாள் மாலை நான்கு மணி. பைசாந்திய மன்னர்களின் தெக்பூர் அரண்மனை. நாற்பது லீரா கேட்டு இருபத்தைந்துக்குச் சம்மதித்த வாடகைக்கார் சாரதி, வாசலோடு நின்றுகொண்டார். "நீங்கள் போங்கள், நான் காரைப் பார்த்துக்கொள்கிறேன்." அந்தக் காரை யாரும் திருடமாட்டார்கள்.

கூரை இல்லை, மாடித் தளங்கள் இல்லை. செங்கல்லும் வெள்ளைக்கல்லும் வரிவரியாக அடுக்கிய சுவர் மட்டும் மூன்று மாடி உயரத்துக்கு நிற்கிறது. யன்னல்களில் வானம். கால் வைக்கத் தளமே இல்லாத மேல் யன்னலில் ஏதோ ஒன்று அசைந்து, எங்களைப் பார்த்து, மறைந்தது. புறாவாகத்தான் இருக்கும். எதற்கும் சரசுவை முன்னே நடக்கவிட்டேன், மரியாதைக்காக.

மூன்றாம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு எமினோனு துறையில் படகேறி, பொஸ்பரஸ் நீரிணை வழியே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய், ஆசியக் கரையில் கன்லிஜாவில் இறங்கினோம். கரை நெடுகப் பெரிய மனிதர்களின் மர மாளிகைகள். சில வர்ணம் உரிந்தவை, சில கரிக்கட்டையாய் நின்றவை. ஹசனின் தாய் காத்துவந்தது கருஞ்சிவப்பு மாளிகை. கீழே படகு விடும் வாயிலுக்குள் கடல் புகுந்து புகுந்து வெளியேற, முழு வீடுமே மூச்சு விடுவதுபோல் இருந்தது.

கதவைத் தட்டக் கை ஓங்கினேன். தட்டுமுன் திறந்துகொண்டது.

வெள்ளை முக்காடு, தரையைத் தொடும் பாவாடை. முதல் வேலையாகக் கால் நிலத்தில் படுகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. ஹசன் சொல்லித்தந்த துருக்கி வாக்கியத்தை ஒப்புவித்தேன். எங்களை உள்ளே அழைத்துப்போனார்.

கூடமெங்கும் வெள்ளைத் துணி போர்த்திய கதிரைகள். கூரையில் தண்ணீரின் வெளிச்சம் ஊர்ந்தது. ஒரு கதிரையில் போர்த்திய துணியின் மேலேயே உட்கார்ந்தேன், அடியில் ஏதோ முனகியது. அவர் தேநீர் கொண்டுவந்தபோதுதான் பாவாடைக்குக் கீழே செருப்புத் தெரிந்தது. எனக்கும் உயிர் வந்தது.

புகைப்படத்தைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"எழும்புங்கோ, போவம்," என்றாள் சரசு மெதுவாக.

ஐந்து மணி, இருட்டத் தொடங்கியிருந்தது. நாலு படி இறங்கியிருப்போம். பின்னால் சளாரென்று ஒரு சத்தம். சப்பாத்துக்குள் என் குதிகால் நனைந்தது. திரும்பினேன். வெறும் வாளியோடு வாசலில் நின்ற அம்மா, உதடுகளை அசைத்தபடியே கதவை மூடினார்.

எங்கள் ஊரில் பிணம் வெளியேறிய பின்தான் வாசலில் தண்ணீர் ஊற்றுவார்கள்.

"திரும்பிப் பாராதேங்கோ!" என்றாள் சரசு. பார்த்தாயிற்றே! செத்தவீட்டுக்குப் போய் வந்தவர்களைப்போல ஹோட்டலில் இருவரும் தலைமுழுகினோம். சுடுதண்ணீர் வரவில்லை. செத்தவனுக்கு எதற்குச் சுடுதண்ணீர்?

லண்டனும் போய் லிட்கம்முக்குத் திரும்பிய மறுநாளே ஹசன் வந்தார். அம்மா சுகம், தேநீர் தந்தார், படத்தை வாங்கினார் என்றேன். தண்ணீர் ஊற்றிய கதையை மட்டும் விழுங்கிவிட்டேன்.

"ஏதாவது சொன்னாரா?"

"இல்லை."

அவர் முகம் இருண்டது. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த சரசு எட்டிப் பார்த்தாள்.

"அந்தத் தண்ணியையும் சொல்லிவிடுங்கோ. மறைச்சுப் பாவத்தைத் தேடாதேங்கோ."

சொன்னேன். ஹசன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "எவ்வளவு? முழு வாளியா?"

"முழு வாளி. சப்பாத்து இரண்டு நாள் காயவில்லை."

மனிதர் பொத்தென்று கதிரையில் விழுந்து, அழுதபடி சிரித்தார். பயணம் போகிறவரின் பின்னால் தண்ணீர் ஊற்றுவது அவர்கள் வழக்கமாம். தண்ணீர்போலத் தடையில்லாமல் போய், தண்ணீர்போலத் திரும்பி வா என்று அர்த்தமாம்.

"அன்று எனக்கு ஊற்றாத தண்ணீர் அது. உனக்கு ஒரு குவளை போதுமே, எதற்கு ஒரு வாளி?"

அடுத்த ஆண்டு ஹசன் குடும்பத்தோடு தாயைப் பார்க்கப் புறப்பட்டார். வழியனுப்ப அவர் வீட்டுக்குப் போனோம். போய்வருகிறேன் என்பதை எங்கள் தமிழில் 'போட்டு வாறன்' என்று சொல்ல நான் பழக்கியிருந்தேன், தப்பில்லாமல் சொன்னார். சரசு செம்பில் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். ஆனாலும் ஊற்றும்போது பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பாதி என் சப்பாத்தில் விழுந்தது.